நைல் நதியில் லக்சர் – அஸ்வான் கப்பல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்துக்குப் போகத் திட்டமிடுபவர்கள் நைல் பயணத்தைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கப்பலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். வழியில் கோயில் பார்க்க இறங்கும் எட்ஃபுவில் எத்தனை மணிக்குக் கரை இறங்குவோம் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

நைல் க்ரூஸ்னா கெய்ரோவிலேயே கப்பல் ஏறிடலாமா?

முடியாது. கெய்ரோவில் அந்தப் பெயரில் விற்பது இரவுச் சாப்பாடும் நடனமும் சேர்ந்த இரண்டு மணி நேரப் படகுச் சவாரி. ஊர் ஊராக இறங்கிப் பார்க்கும் பயணம், தெற்கே லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையில் சுமார் 215 கி.மீ. தூரத்தில் நடக்கிறது. கெய்ரோவிலிருந்து லக்சருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். இரவு ரயிலில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம்.

கெய்ரோவிலிருந்து அஸ்வான் வரை ஆற்றின் முழு நீளமும் போகும் கப்பல்களும் உண்டு. ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, பத்து நாளுக்கு மேல் ஆகும், விலையும் அதற்கேற்ப இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு லக்சர் – அஸ்வான் பகுதியே போதும். பெரிய கோயில்களில் பெரும்பாலானவை இங்கேதான்.

லக்சர்ல ஏறுறது நல்லதா, அஸ்வான்ல ஏறுறது நல்லதா?

லக்சரிலிருந்து கிளம்பினால் வழக்கமாக 4 இரவு, அஸ்வானிலிருந்து கிளம்பினால் 3 இரவு. பெரிய கப்பல்களில் பல, லக்சரிலிருந்து சனி அல்லது திங்கள், அஸ்வானிலிருந்து புதன் அல்லது வெள்ளி என்று ஒரே சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டுக் கப்பலைத் தேடாதீர்கள். கப்பல் கிளம்பும் கிழமையைப் பார்த்துவிட்டு விமானத்தைப் போடுங்கள்.

4 இரவு என்றால் நான்கு இரவும் கப்பல் ஓடும் என்று நினைக்க வேண்டாம். முதல் இரவு லக்சரிலேயே கட்டி நிற்கும், கடைசி இரவு அஸ்வானில் நிற்கும். ஆற்றில் நகரும் நேரத்தைக் கூட்டினால் 15 முதல் 20 மணி நேரம்தான் வரும். மீதி நேரமெல்லாம் கப்பல் ஒரு தங்கும் விடுதி மாதிரி. நீங்கள் கரையில் கோயில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இதில் குறை ஒன்றும் இல்லை, தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

எங்கள் பரிந்துரை லக்சரில் ஏறும் 4 இரவுப் பயணம். அஸ்வானில் ஏறும் 3 இரவில், பாலைவனச் சாலையில் போக வேண்டிய அபு சிம்பெல் குன்றுக் கோயிலுக்கு விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, மதியம் திரும்பி, அன்றே கப்பல் புறப்பட்டு, மாலையில் கோம் ஓம்போவில் இறங்க வேண்டியிருக்கும். வயதானவர்களும் குழந்தைகளும் அந்த ஒரு நாளிலேயே களைத்துப்போவார்கள். நாள் கிடைக்காது என்பவர்களுக்கு மட்டும் 3 இரவு.

அஸ்வான் தெற்கே இருக்கு. அதை ஏன் "மேல் எகிப்து"ன்னு சொல்றாங்க?

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. ஆற்றின் மேல்பக்கம் தெற்கு, அதனால் தெற்குப் பகுதி மேல் எகிப்து. நம் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிப் பழகிய கண்ணுக்கு முதல் நாள் கொஞ்சம் குழப்பும்.

இதில் ஓர் அழகான விஷயம் உண்டு. இங்கே காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும். தெற்கே போக வேண்டுமானால் பாயை விரித்தால் போதும், காற்று தள்ளிக்கொண்டு போகும். வடக்கே வர வேண்டுமானால் பாயைச் சுருட்டிவிட்டு நீரோட்டத்தோடு வந்துவிடலாம். பழைய எகிப்தியச் சித்திர எழுத்திலேயே "தெற்கே போவது" என்பதற்குப் பாய் விரித்த படகும், "வடக்கே போவது" என்பதற்குப் பாய் இல்லாத படகும் வரைந்தார்கள். கோயில் சுவர்களில் கைடிடம் கேட்டால் காட்டுவார்.

பெரிய கப்பல், தஹபியா, ஃபெலூக்கா – மூணுக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய கப்பல் என்பது நான்கைந்து தளம், அறுபது எழுபது கேபின், மேல்தளத்தில் சிறு நீச்சல் குளம், பஃபே சாப்பாடு கொண்டது. லக்சர், எட்ஃபு, கோம் ஓம்போ, அஸ்வான் என்று பெரிய துறைகளில் மட்டும்தான் அணையும். எல்லாக் கப்பல்களும் ஒரே நேரத்தில் ஒரே துறைக்கு வந்து சேர்வதுதான் இதன் பெரிய குறை.

தஹபியா இரண்டு பாய்களும் ஐந்து முதல் பத்துக் கேபின்களும் உள்ள மரப்படகு. இதில் எஞ்சின் கிடையாது. காற்று நின்றால் சிறிய இழுவைப் படகு கயிறு கட்டி இழுக்கும். லக்சரிலிருந்து காரில் எஸ்னாவுக்குக் கூட்டிப்போய் அங்கே ஏற்றுவார்கள். அஸ்வான் போய்ச் சேர நான்கைந்து நாள் ஆகும். பெரிய கப்பல் அணைய முடியாத எல் காப், கெபெல் எல் சில்சிலா போன்ற இடங்களில் இது கரையேறும். ஆறு குறுகிப் போகும் சில்சிலாவின் இரு கரையிலும் உள்ள கல் குவாரிகளிலிருந்துதான் லக்சரின் கர்னாக் உட்படப் பல கோயில்களுக்கு மணற்கல் வெட்டிப் போனது. உளித்தடம் இன்னும் பாறையில் அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் கூட்டமே இருக்காது. விலை பெரிய கப்பலைவிடப் பல மடங்கு ஆகலாம். பணம் இடம் கொடுத்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

ஃபெலூக்கா ஒற்றைப் பாய்ப் படகு. கேபின் கிடையாது, தளத்தில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். கழிப்பறையும் கிடையாது, கரையில்தான் ஒதுங்க வேண்டும். கழிப்பறை உள்ள துணைப்படகு கூட வருகிறதா என்று முன்பே கேளுங்கள். அஸ்வானில் ஏறி ஓரிரு இரவு வடக்கே வருவது வழக்கம். காற்று எதிரே வருவதால் படகு கரைக்குக் கரை வளைந்து வளைந்துதான் நகரும். சொன்ன நேரத்துக்குக் கோம் ஓம்போ வந்து சேராமல், வழியில் இறக்கிக் காரில் அனுப்பிவைப்பது சாதாரணமாக நடக்கும். காசு கொடுக்கும் முன் உயிர்காப்பு உடை எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேபின் எந்த மாடியில, எந்தப் பக்கம் எடுக்கணும்?

கீழ்த்தளத்தைத் தவிருங்கள். அங்கே ஜன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும், எஞ்சின் சத்தமும் அதிகம். பின்பக்கக் கேபின்களுக்கும் இதே தொல்லை. நடுத்தளத்தில் நடுவாக அல்லது முன்பக்கமாக உள்ள கேபினைக் கேளுங்கள். மேல்தளத்துக்கு நேர் கீழே உள்ளதில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்.

தெற்கே போகும்போது இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. சூரிய அஸ்தமனம் பார்க்க மேற்கு நல்லது, ஆனால் கோடையில் பிற்பகல் வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான் அடிக்கும். இதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. துறையில் இடம் குறைவு என்பதால் கப்பலோடு கப்பலை அணைத்து நான்கைந்து வரிசையாகக் கட்டுவார்கள். அப்போது உங்கள் ஜன்னலுக்கு எதிரே ஓரடி தூரத்தில் பக்கத்துக் கப்பல் கேபினின் ஜன்னல் இருக்கும். திரையை மூடிவிடுங்கள், அங்கிருந்து உள்ளே தெரியும். பக்கத்துக் கப்பலின் ஜெனரேட்டர் புகையும் வரும் என்பதால் ஜன்னலையும் சாத்தி வைக்க வேண்டும்.

நடு ராத்திரி கப்பல் ரொம்ப நேரம் நின்னுடும்னு சொன்னாங்க. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, அது எஸ்னா. லக்சருக்குத் தெற்கே சுமார் 55 கி.மீ. தூரத்தில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை இருக்கிறது. அணைக்கு இரு பக்கமும் நீர்மட்டம் வேறு வேறு. கப்பலை மட்டம் மாற்ற லாக் என்ற தொட்டி வைத்திருக்கிறார்கள்: கப்பல் உள்ளே போகும், பின் கதவு மூடும், தண்ணீரை விட்டு மேல் மட்டத்துக்கு உயர்த்துவார்கள், முன் கதவு திறக்கும். வடக்கே வரும்போது தண்ணீரை வடித்து இறக்குவார்கள். இந்த வேலை அரை மணி நேரம்தான். ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு கப்பல்தான் உள்ளே போகும் என்பதால், இருபது கப்பல் வரிசையில் நின்றால் உங்கள் முறை வர மணிக்கணக்கில் ஆகும். எட்ஃபுவில் இறங்கும் நேரம் தள்ளிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

வரிசையில் நிற்கும்போது சிறு படகுகளில் வியாபாரிகள் வந்து கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள். துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூன்று மாடி உயரத்துக்குக் குறி தவறாமல் எறிவார்கள். வேண்டாமென்றால் பையைப் பிரிக்காமல் திருப்பி எறிந்துவிடுங்கள். வேண்டுமென்றால் விலையைக் கத்திப் பேசி முடித்துவிட்டு, அதே பையில் பணத்தைப் போட்டு எறியுங்கள். முதலில் சொல்லும் விலையில் பாதிக்குக் கீழேயிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.

தாழ்வான பாலத்துக்கு அடியில் போகும்போது மேல்தளத்தின் நிழற்பந்தலை மடக்கிவிட்டு உங்களை உட்காரச் சொல்வார்கள், அல்லது கீழே இறங்கச் சொல்வார்கள். சொன்னவுடன் கேளுங்கள், தலைக்கு மேலே இடைவெளி உண்மையிலேயே மிகக் குறைவு. பராமரிப்புக்காக லாக்கை மூடும் நாட்களும் உண்டு. அப்போது பயணிகளை எஸ்னா வரை பேருந்தில் கொண்டுபோய் அணைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கப்பலில் ஏற்றுவார்கள். முன்பதிவு செய்யும்போதே உங்கள் தேதியில் இது வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எஸ்னாவில இறங்க விடுவாங்களா?

பெரும்பாலான பெரிய கப்பல்களின் பட்டியலில் எஸ்னா கோயில் இருக்காது. இருந்தால் தவறவிடாதீர்கள். ஆற்றங்கரையிலிருந்து நடக்கும் தூரம்தான். ஊர் காலப்போக்கில் மேடாகிவிட்டதால் கோயில் தெருமட்டத்துக்கு 9 மீட்டர் கீழே ஒரு பள்ளத்தில் நிற்கிறது. தூண்களிலும் விதானத்திலும் படிந்திருந்த கரியை அண்மை ஆண்டுகளில் துடைத்தெடுத்து, அடியில் இருந்த பழைய வண்ணங்களை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நீலமும் மஞ்சளும் நேற்றுப் பூசியது போலிருக்கும்.

எட்ஃபு, கோம் ஓம்போ இரண்டிலும் எவ்வளவு நேரம் கிடைக்கும்? அது போதுமா?

எட்ஃபுவில் கரையிறங்கி ஏறும் வரை இரண்டு மணி நேரம் தருவார்கள், அதில் கோயிலுக்குள் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அங்குள்ள, பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸின் கோயில் கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடிந்தது. பல நூற்றாண்டு மணலில் மூடிக் கிடந்ததால் கூரை முதல் கருவறை வரை முழுதாகத் தப்பியது. 1860-இல் பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் ஒகுஸ்த் மரியெத் மணலை அள்ளத் தொடங்கினார். முகப்பு 36 மீட்டர் உயரம். நம் கோயில்களைப் போலவே வாசல், முற்றம், தூண் மண்டபங்கள், இருண்ட கருவறை என்று உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், தரை உயரும், கூரை தாழும். அதனால் வாசலில் நின்று படம் எடுப்பதில் அரை மணி நேரத்தை விடாதீர்கள். நேரே கருவறைக்குப் போய்விட்டு, அங்கிருந்து வெளியே வந்தபடி பாருங்கள். எல்லாக் குழுவும் வாசலில் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே ஆள் குறைவாக இருக்கும்.

கோம் ஓம்போ கோயில் ஆற்றங்கரை மேட்டிலேயே இருக்கிறது, கப்பலிலிருந்து நடந்தே போகலாம். முதலைக் கடவுள் சோபெக்குக்கு ஒரு பாதி, ஹோரஸின் ஒரு வடிவத்துக்கு மறு பாதி என்று நடுக்கோட்டில் பிரிந்து, எல்லாமே இரண்டிரண்டாக அமைந்த கோயில். ஒரு மணி நேரம் போதும். வெளியே வரும் வழியில் பதப்படுத்திய முதலைகளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைக் குழந்தைகள் விட்டு வர மாட்டார்கள். மாலையில் விளக்கொளியில் அழகாக இருக்கும், ஆனால் முன்பு சொன்னபடி எல்லாக் கப்பலும் அதே மாலையில்தான் வரும். உங்கள் கப்பல் 4 மணிக்கு வந்தால் முதல் ஆளாக இறங்குங்கள். 7 மணிக்கு வந்தால் அரை மணி நேரம் பொறுத்து, கூட்டம் வடிந்தபின் இறங்குங்கள்.

எட்ஃபுல குதிரை வண்டியிலதான் போகணுமா? குதிரைங்களைப் பார்த்தா பாவமா இருக்கு.

கட்டாயம் இல்லை. துறையிலிருந்து கோயில் இரண்டு கி.மீ.க்குள்தான். டாக்ஸியும் ஆட்டோவும் கிடைக்கும், காலை நேரத்தில் நடந்தும் போகலாம். பேக்கேஜில் குதிரை வண்டி சேர்ந்திருந்தால் முதல் நாளே கைடிடம் "வண்டி வேண்டாம், கார் ஏற்பாடு செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். துறையில் இறங்கியபின் சொன்னால் வண்டிக்காரர்களின் கூச்சலில் எதுவும் நடக்காது. வெயிலில் காயமும் எலும்புமாக நிற்கும் குதிரைகள் அங்கே உண்டு, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. வண்டியில்தான் போவீர்கள் என்றால் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது அதே வண்டியைத் தேட வேண்டியிருக்கும்.

பிலே கோயில் தீவுலதானே இருக்கு, கப்பல் நேரா அங்கே போகாதா?

போகாது. அஸ்வானில் இரண்டு அணைகள்: 1902-இல் முடிந்த பழைய அணையும், அதற்குத் தெற்கே 1970-இல் முடிந்த பெரிய அணையும். கப்பல் பழைய அணைக்கு வடக்கே நின்றுவிடும். பிலே இரண்டு அணைகளுக்கும் நடுவே உள்ள நீரில் இருக்கிறது. பழைய அணை வந்தபின் கோயில் ஆண்டில் பல மாதங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தது. 1970களில் கல் கல்லாகப் பிரித்து, பக்கத்திலுள்ள அகில்கியா என்ற உயரமான தீவில் திரும்பக் கட்டி, 1980-இல் திறந்தார்கள். காரில் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து மோட்டார் படகில் போக வேண்டும். தனியாகப் போனால் போக, காத்திருக்க, திரும்ப என மூன்றுக்கும் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் முழுப் படகுக்கும் விலை பேசிவிட்டு ஏறுங்கள். பணத்தைத் திரும்பி வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

பெரிய அணையில் லாக் கிடையாது. அதனால்தான் அணைக்குப் பின்னாலுள்ள நாசர் ஏரியில் அஸ்வானுக்கும் அபு சிம்பெலுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் தனி. அது தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வேறொரு பயணம்.

அபு சிம்பெல் போறது அவ்வளவு அலைச்சலுக்குத் தகுமா?

தகும். அஸ்வானிலிருந்து பாலைவனச் சாலையில் 280 கி.மீ.க்கும் மேல், ஒரு வழிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். விடியுமுன் கிளம்புவார்கள், கப்பலில் காலை உணவைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பார்கள். ராமசேஸ் மன்னரின் நான்கு சிலைகள் உட்கார்ந்திருக்கும் அந்தக் குன்றுக் கோயிலை 1964 முதல் 1968 வரை துண்டுகளாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் நம்ப முடியும். பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டு நாட்களிலும் உதயசூரியன் கருவறை வரை எட்டும். அன்று கூட்டம் மிக அதிகம், நிம்மதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள்.

இது பெரும்பாலும் பேக்கேஜில் சேராத தனிச்செலவு. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கப்பலில் ஏறியபின் கேட்டால் விலை கூடும்.

எந்த மாசம் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பகலில் 22 முதல் 28 டிகிரி. ஜனவரி விடியற்காலையில் 8 டிகிரிக்கு இறங்கும். சென்னை மார்கழிக்கு எடுக்கும் சால்வை போதாது, முழுக்கை ஸ்வெட்டர் வேண்டும். கிறிஸ்துமஸ் – புத்தாண்டு வாரத்தில் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் மணற்காற்று வீசும் நாட்களில் லக்சரின் பலூன் சவாரி ரத்தாகும். நம் பள்ளிக் கோடை விடுமுறையான மே மாதத்தில்தான் போக முடியும் என்றால், 40 டிகிரியைத் தாண்டும். போகலாம், விலையும் குறைவு; ஆனால் காலை 6 மணிக்கு இறங்கி 10 மணிக்குள் கப்பலுக்குத் திரும்பும்படி திட்டம் இருக்க வேண்டும்.

நாங்க சுத்த சைவம். கப்பல்ல பட்டினி கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம். எகிப்தியரின் அன்றாடச் சாப்பாட்டில் பருப்பும் அவரை வகைகளும் நிறைய. ஃபூல் என்பது வேகவைத்து மசித்த பெரிய அவரைக்கொட்டை, சீரகமும் எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்தது. தாமியா அதே கொட்டையில் செய்யும் வடை. அதஸ் என்று கேட்டால் பருப்பு சூப். கரையில் கொஷாரி கிடைக்கும்: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே வறுத்த வெங்காயமும் தக்காளிச் சாறும். காலை பஃபேயில் ஸபாதி என்ற கெட்டித் தயிர் இருந்தால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மதியம் சோற்றோடு பிசைந்தால் தயிர்சாதம். ஊறுகாய் உங்களுடையது.

கவனிக்க வேண்டியது முலூக்கியா. கீரை மசியல் போல இருக்கும், சைவம் என்றுதான் தோன்றும். ஆனால் கோழி அல்லது முயல் வேகவைத்த நீரில்தான் வழக்கமாகச் செய்வார்கள். சேமியா கலந்த சோற்றிலும் சில சமயம் இறைச்சிச் சாறு இருக்கும். "நபாத்தி" என்றால் சைவம். அதை மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும் என்பதால் "பிதூன் லஹ்மா, பிதூன் ஃபிராக், பிதூன் சமக்" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் நாள் மாலையிலேயே உணவுக்கூடத்து மேலாளரைப் பார்த்துப் பேசினால் தனியாகவே சமைத்துக் கொடுப்பார்கள்.

அம்மாவுக்கு எழுபது வயசு, முட்டிவலி. கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், நான்கு விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு. பல கப்பல்களில் லிஃப்ட் கிடையாது, உணவுக்கூடம் கீழ்த்தளத்தில் இருக்கும். வரவேற்பு மேசை இருக்கும் தளத்திலேயே கேபின் கேளுங்கள். நீர்மட்டம் இறங்கியிருக்கும் நாட்களில் கரைப்படிகள் செங்குத்தாக இருக்கும், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பலகைதான் பாலம். கேபின் பற்றிய பதிலில் சொன்னபடி கப்பல்களை வரிசையாகக் கட்டியிருந்தால், மூன்று நான்கு கப்பல்களின் கூடங்களைக் கடந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். ஊழியர்கள் கை கொடுப்பார்கள், தயங்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிலேயில் ஆடும் படகில் கால் வைத்து ஏற வேண்டும்.

எட்ஃபு சமதரை. லக்சரில் பழைய மன்னர்களின் கல்லறைகள் உள்ள அரசர் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். நான்காம் ராமசேஸ் கல்லறை சரிவான பாதைதான், அம்மா உள்ளே வரை போய்வரலாம். மூன்றாம் துத்மோசிஸ் கல்லறையை அவருக்குக் காட்ட முயல வேண்டாம். செங்குத்தான இரும்புப் படியில் ஏறி, மறுபடி உள்ளே இறங்க வேண்டும், காற்றோட்டமும் குறைவு.

கப்பல் ஆடுமா? முதலை இருக்கா? ஆத்துல குளிக்கலாமா?

ஆடாது. கடல் பயணத்தில் வாந்தி வருபவர்களும் தைரியமாக வரலாம். முதலைகள் பெரிய அணைக்குத் தெற்கே நாசர் ஏரியில் இருக்கின்றன, நீங்கள் போகும் பகுதியில் அந்தப் பயம் வேண்டாம். ஆனாலும் குளிக்காதீர்கள். தேங்கிய நீரிலுள்ள நத்தைகள் மூலம் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி தோல் வழியாகவே உடலுக்குள் போகும். முழங்கால் வரை இறங்கி நின்றாலும் போதும். மாதங்கள் கழித்துத்தான் தெரியும், நம் ஊர் மருத்துவருக்கும் சட்டென்று சந்தேகம் வராது. இறங்கிவிட்டீர்கள் என்றால், பிறகு காய்ச்சலோ சிறுநீரில் ரத்தமோ வந்தால் நைலில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடிதண்ணி, சார்ஜர், பணம்?

தண்ணீர் பாட்டில் மட்டும். பல் தேய்க்கவும் அதையே வையுங்கள். பச்சைக் காய்கறியையும் ஐஸையும் ஒதுக்கி, ஆளுக்கு நான்கு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். எடுத்துப் போங்கள். மின்சாரம் 220 வோல்ட். நம் இரண்டு உருண்டைக் கால் பிளக் பொருந்தும், மூன்று கால் பொருந்தாது.

பணத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். பெரிய கோயில்களின் சீட்டுக் கவுன்டரில் கார்டு மட்டும்தான் வாங்குகிறார்கள், ரொக்கம் கிடையாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்து, இரண்டு வெவ்வேறு வங்கியின் கார்டுகளைக் கொண்டுபோங்கள். ரொக்கத்தை 10, 20 பவுண்டு நோட்டுகளாக மாற்றி வையுங்கள். கழிப்பறை வாசலில் 200 பவுண்டு நோட்டை நீட்டினால் சில்லறை திரும்பாது.

டிப்ஸ் கட்டாயமா?

சட்டப்படி இல்லை, நடைமுறையில் ஆம். கப்பல் ஊழியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 5 டாலர் அளவில் கணக்கிட்டு, கடைசி நாள் வரவேற்பு மேசையில் உறையில் போட்டுக் கொடுப்பது வழக்கம். கைடு, ஓட்டுநர் இருவருக்கும் தனி. கோயிலுக்குள் காவலர் "இங்கே வாங்க, சிறப்பான இடம் காட்டுகிறேன்" என்று கயிற்றை விலக்கினால் அதற்கும் காசு கேட்பார். வேண்டாமென்றால் அவர் பின்னால் போகாமல் இருப்பதே நல்லது.

கரையில சுத்திட்டு வர லேட்டாகி, கப்பல் போயிடுச்சுன்னா?

குழுவோடு இறங்கினால் கைடு தலை எண்ணாமல் கிளம்பவிட மாட்டார். தனியாகக் கடைவீதிக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. இறங்கும்போது நான்கு வேலை செய்யுங்கள்: கப்பல் பெயரையும் துறையையும் படம் எடுங்கள், வரவேற்பு மேசையில் தரும் அட்டையை மறக்காமல் வாங்குங்கள், கைடின் எண்ணைப் போனில் பதியுங்கள், கிளம்பும் நேரத்தை அவர் வாயால் கேளுங்கள். பலகையில் எழுதிய நேரம் எஸ்னா வரிசையைப் பொறுத்து மாறியிருக்கும்.

சில சமயம் கப்பல் போயிருக்காது, இடம் மாறியிருக்கும். உள்வரிசையிலிருந்த கப்பல் வெளியேற வேண்டுமானால் வெளிவரிசைக் கப்பல்கள் அவிழ்ந்து ஆற்றின் நடுவே போய்விட்டுத் திரும்பி வரும். அரை மணி நேரம் கரையிலேயே நில்லுங்கள். உண்மையிலேயே போயிருந்தாலும் பதற வேண்டாம். ஆற்றை ஒட்டியே சாலை போகிறது, கப்பலைவிடக் கார் பல மடங்கு வேகம். கைடிடம் பேசிவிட்டு அடுத்த துறைக்கு டாக்ஸியில் போனால் கப்பலுக்கு முன்பே போய்க் காத்திருக்கலாம். பாஸ்போர்ட்டைக் கேபினில் விட்டிருந்தாலும் அதன் நகல் கையில் இருக்கட்டும், வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு.

நம்ம ஊர் மிளகு நைல் வழியாத்தான் ரோமுக்குப் போச்சாமே. அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

உண்மைதான். முசிறியில் ஏற்றிய சரக்கு செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, கோப்டோஸ் என்ற நைல் துறைக்கு வந்து, அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவுக்குப் போனது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, இப்போது வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று இந்த வழியையே சொல்கிறது. செங்கடல் துறையான குசைர் அல் கதீமில் கணன், சாதன் என்ற பெயர்களும் "பானை ஒறி" (பானையைத் தொங்கவிடும் உறி) என்ற சொல்லும் தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அதற்குத் தெற்கே பெரனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது.

கோப்டோஸ் இன்று கிஃப்ட் என்ற ஊர். லக்சருக்கு வடக்கே சுமார் 40 கி.மீ.; கப்பல் தெற்கே போவதால் அது வழியில் வராது. லக்சரில் கப்பல் ஏறுவதற்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்து, வடக்கே கேனா ஊருக்கு அருகிலுள்ள தெந்தேரா கோயிலுக்குக் கார் எடுங்கள். லக்சரிலிருந்து கேனா வரை கிழக்குக் கரைச் சாலையிலேயே போகச் சொன்னால் கிஃப்டைத் தாண்டித்தான் கார் போகும். ஊருக்குள் "மின்" என்ற பழைய எகிப்தியக் கடவுளின் கோயில் அடித்தளமும் இடிந்த கற்களும் இருக்கின்றன. சுற்றுலாக் கூட்டம் வராத இடம் என்பதால் கைடுக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள். தெந்தேராவை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் நிறுத்தினால் அரை மணி நேரம் போதும்.